பாலித்தீனுக்கு அடியில் பச்சைக் கழிவு: மண் நோய்க்கு வெயில் வைத்தியம்

கேள்வி இதுதான். தக்காளி, கத்தரி, மிளகாய் என்று மாற்றி மாற்றிப் போட்ட நிலத்தில் வாடல் நோயும் வேர்முடிச்சு நூற்புழுவும் நிலைகொண்டுவிட்டன. கோடையில் பாலித்தீன் தாளை விரித்து மண்ணைச் சூடேற்றினால் போதுமா? தாளுக்கு அடியில் பழச்சக்கை, தவிடு, கோழி எரு போன்ற கழிவைக் கலந்தால் கூடுதல் பலன் கிடைக்கும் என்கிறார்களே, உண்மையா? பச்சைக் கழிவைப் போட்டால் அடுத்த பயிர் கருகிவிடாதா?

முதலில் ஒன்று. தக்காளி, கத்தரி, மிளகாய் மூன்றும் ஒரே குடும்பம். இவற்றை மாற்றி மாற்றிப் போடுவது பயிர்ச் சுழற்சி ஆகாது. ஒரு பயிரில் பெருகிய நூற்புழுவுக்கும் பூஞ்சைக்கும் அடுத்த பயிரும் பெரும்பாலும் விருந்துதான். இதை மாற்றாமல் மண்ணை மட்டும் எத்தனை முறை சுத்தம் செய்தாலும் நோய் திரும்பி வரும்.

சரி, கேட்டதற்கு வருவோம். கடும் வெயில் அடிக்கும் இடத்தில், மேல் மண்ணில் இருக்கும் பிரச்சினைக்கு வெறும் பாலித்தீனே ஓரளவு போதும். ஆனால் நான்கு முதல் ஆறு வாரம் நிலத்தைச் சும்மா போட வேண்டும், சூடும் ஆழமாக இறங்காது. கழிவு சேர்த்தால் நாளும் குறையும், சூடு பத்தாத ஆழத்திலும் ஓரளவு வேலை நடக்கும். பயிர் கருகுமா என்றால், அவசரப்பட்டு நட்டால் கண்டிப்பாகக் கருகும். பொறுத்து நட்டால் கருகாது.

பாலித்தீன் விரித்து வெயிலில் மண்ணைச் சூடேற்றும் முறையை முறையாகச் சோதித்து 1976-இல் வெளியிட்டவர்கள் இஸ்ரேலின் யாக்கோவ் கட்டானும் அவருடைய குழுவினரும். கத்தரியிலும் தக்காளியிலும் வெர்டிசீலியம் என்ற பூஞ்சை தரும் வாடல் நோய் குறைந்ததை அவர்கள் காட்டினார்கள். அதைத் தொடர்ந்து கலிபோர்னியாவில் நிறைய ஆய்வு நடந்தது. அதற்கெல்லாம் முன்பே, மண்ணிலுள்ள கிருமிகளைக் கொல்ல மண்ணை மூடி மீத்தைல் புரோமைடு வாயுவைச் செலுத்துவது பெரிய பண்ணைகளில் வாடிக்கையாக இருந்தது. அந்த வாயு ஓசோன் படலத்தை அரிப்பதால், மான்ட்ரியல் ஒப்பந்தத்தின்படி வளர்ந்த நாடுகள் 2005-க்குள்ளும் வளரும் நாடுகள் 2015-க்குள்ளும், சில விதிவிலக்குகள் போக, அதைக் கைவிட வேண்டியதாயிற்று. வெயில், கழிவு என்று ஆராய்ச்சி வேகம் பிடித்ததற்கு இதுவும் ஒரு முக்கியக் காரணம்.

வெயில் மட்டும் என்ன செய்யும்? இங்கே ஒரு கணக்கு தெரிந்திருப்பது நல்லது. மண்ணில் வாழும் நான்கு நோய்ப் பூஞ்சைகளை வைத்து 1981-இல் கலிபோர்னியாவில் வெளியான ஆய்வில், 90 சதவீதம் சாவதற்கு 37 டிகிரி செல்சியஸில் இரண்டு முதல் நான்கு வாரம் ஆனது. 47 டிகிரியில் ஒன்று முதல் ஆறு மணி நேரமே போதுமாயிருந்தது. பத்து டிகிரி வித்தியாசம் வாரத்தை மணிக்கணக்காகச் சுருக்கிவிடுகிறது. அதனால் பாலித்தீனுக்கு அடியில் கூடுதலாக இரண்டு டிகிரி கிடைத்தாலும் அது சின்ன விஷயம் இல்லை. ஈரமான மண்ணில், நல்ல கோடையில், மேல் 5 செ.மீ.யில் மதிய வேளையில் 50 டிகிரியைத் தொடலாம். 15 செ.மீ. ஆழத்தில் 43-ஐத் தாண்டினால் நல்ல பருவம் என்று கொள்ளலாம். 30 செ.மீ. ஆழத்தில், திறந்த வெளியில், 40-ஐத் தொடுவதே அரிது. நூற்புழுவுக்கு இது வசதி. மேலே சூடு ஏறும்போது கீழே இருப்பவை பிழைத்துக்கொள்ளும், வேர் ஆழமாகப் போன பிறகு மேலே வந்து தொற்றும். வெறும் வெயில் முறையைச் செய்துவிட்டு, முதல் இரண்டு மாதம் பயிர் அருமையாக இருந்தது, அப்புறம் பழையபடி ஆகிவிட்டது என்று சொல்பவர்களின் நிலத்தில் பெரும்பாலும் நடந்திருப்பது இதுதான்.

கழிவு இந்த இடத்தில்தான் கைகொடுக்கிறது. கழிவு மக்கும்போது சூடு வரும், அதனால்தான் பலன் கூடுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். சூடு வருவது உண்மைதான், ஆனால் அது ஓரிரண்டு டிகிரி விஷயம். பெரிய வேலையைச் செய்வது வேறொன்று. சர்க்கரையும் மாவுச்சத்தும் புரதமும் நிறைந்த பச்சைக் கழிவு ஈர மண்ணில் கலந்ததும் நுண்ணுயிர்கள் வெறியோடு பெருகும். அவை மண்ணிலுள்ள ஆக்சிஜனை ஓரிரு நாளிலேயே தீர்த்துவிடும். மேலே பாலித்தீன் இருப்பதால் புதுக் காற்று உள்ளே போகாது, மண் துளைகளில் தண்ணீர் நிறைந்திருப்பதால் பக்கவாட்டிலும் காற்று வராது. அதன் பிறகு காற்றில்லாமல் வாழும் பாக்டீரியாக்களின் ராஜ்ஜியம். அவை கழிவைப் புளிக்க வைத்து அசிட்டிக் அமிலம், புரோப்பியானிக் அமிலம், பியூட்டிரிக் அமிலம் ஆகியவற்றை வெளிவிடும். ஆக்சிஜன் இன்மை, அமிலம், சூடு, இந்த மூன்றும் ஒரே நேரத்தில் தாக்கும்போது, தனித்தனியாக வந்தால் தாங்கிக்கொள்ளும் உயிரிகள்கூடத் தாங்குவதில்லை. வெறும் சூட்டில் வாரக்கணக்கில் ஆகும் வேலை இங்கே சீக்கிரமாக முடிவதற்குக் காரணம் இந்தக் கூட்டுத் தாக்குதல்தான்.

இந்த அமிலங்களைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், எந்த மண்ணுக்கு எந்தக் கழிவு என்பது இதில்தான் அடங்கியிருக்கிறது. அசிட்டிக், பியூட்டிரிக் போன்ற அமிலங்கள் பிரியாத முழு மூலக்கூறாக இருக்கும்போதுதான் பூஞ்சையின் செல்லுக்குள்ளும் நூற்புழுவின் உடலுக்குள்ளும் எளிதாக நுழையும். பிரிந்து மின்னேற்றம் பெற்ற துகளாக, அதாவது அயனியாக, ஆகிவிட்டால் நச்சுத்தன்மை வெகுவாகக் குறைந்துவிடும். மண் கரைசலின் அமிலகார அளவு (pH) 4.8 வாக்கில் இருந்தால் அமிலத்தில் சரிபாதி முழு மூலக்கூறாக இருக்கும். அதுவே 6.8 ஆக இருந்தால் நூற்றில் ஒரு பங்குதான் அப்படி இருக்கும். சுண்ணாம்பு நிறைந்த மண் அமிலத்தை உடனுக்குடன் நடுநிலையாக்கிவிடும். அந்த மாதிரி மண்ணில் பழச்சக்கையை மட்டும் நம்பினால், புளிப்பு நடந்திருக்கும், ஆனால் எதிர்பார்த்த அளவு கொல்லும் வேலை நடந்திருக்காது.

சுண்ணாம்பு மண்ணுக்கு வேறு வழி இருக்கிறது: தழைச்சத்து நிறைந்த கழிவு. கோழி எரு, ஆட்டு எரு, பிண்ணாக்கு போன்றவை சிதையும்போது அம்மோனியம் வெளிவரும். மண் காரத்தன்மையாக இருந்தால் அதில் ஒரு பகுதி அம்மோனியா வாயுவாக மாறும். சூடு கூடினால் அந்தப் பங்கும் கூடும். நூற்புழுவையும் பூஞ்சையின் உறக்க வித்துகளையும் கொல்வதில் அம்மோனியாவுக்கு நல்ல பெயர் உண்டு. அமிலம் வேலை செய்ய மண் புளித்திருக்க வேண்டும், அம்மோனியா வேலை செய்ய மண் காரமாக இருக்க வேண்டும். இரண்டையும் ஒரே மண்ணில் அதிகபட்சமாக எதிர்பார்ப்பது நடக்காத காரியம். ஸ்பெயினின் முர்சியா பகுதியில் குடைமிளகாய்ப் பசுமைக்குடில்களில் ஆட்டு எருவும் கோழி எருவும் கலந்து, ஆகஸ்ட் வெயிலில் மூடி வைக்கும் முறை நன்றாக வேரூன்றியிருக்கிறது. ஆண்டுதோறும் தொடர்ந்து செய்த இடங்களில் எருவின் அளவை மெல்லக் குறைத்துக்கொண்டே வர முடிந்தது. அங்கே பருவம் தள்ளித் தொடங்கினால் பலன் குறைகிறது என்பதையும் பார்த்திருக்கிறார்கள்.

மூன்றாவது வகை, கடுகுக் குடும்பத் தாவரங்கள். கடுகு, முட்டைக்கோஸ், காலிஃபிளவர், முள்ளங்கி இவற்றின் திசு நசுங்கும்போது ஐசோதயோசயனேட் என்ற நெடியுள்ள வாயு வெளிவருகிறது. கடுகை அரைக்கும்போது மூக்கில் ஏறும் அதே நெடிதான். முட்டைக்கோஸ் கழிவை மண்ணில் கலந்து பாலித்தீன் மூடி, முட்டைக்கோஸையே தாக்கும் ஃபியூசேரியம் என்ற பூஞ்சை நோயைக் கட்டுப்படுத்தலாம் என்று 1987-இல் கலிபோர்னியாவிலிருந்து ஒரு ஆய்வு வந்தது. இது நல்ல முறைதான், ஆனால் நசுக்கிய சில நாட்களிலேயே வாயு தீர்ந்துவிடும். தழையை நன்றாகத் துண்டாக்கி, உடனே மண்ணில் கலந்து, உடனே நீர் விட்டு, அன்றே மூடினால்தான் பலன். காலையில் வெட்டிப் போட்டு மறுநாள் உழலாம் என்றால் பாதி நெடி காற்றோடு போயிருக்கும்.

இப்போது எல்லோரும் தடுமாறும் இடத்துக்கு வருவோம். நன்றாக மக்கிய தொழு உரம் இந்த வேலைக்கு உதவாது. வழக்கமாக நாம் சொல்வதற்கு நேர் எதிர் இது, அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன். மக்கிய எருவில் நுண்ணுயிர்கள் உடனே தின்னக்கூடிய சத்து ஏற்கனவே தீர்ந்துபோயிருக்கும். அதைப் போட்டு மூடினால் மண்ணுக்கு நல்லது, ஆனால் ஆக்சிஜன் தீராது, அமிலம் உண்டாகாது. அதேபோல மரத்தூள், உமி, காய்ந்த தென்னை நார் போன்றவை இன்னொரு கோடியில் இருக்கின்றன. கரிமம் ஏராளம், ஆனால் நுண்ணுயிரால் சட்டென்று உடைக்க முடியாத கரிமம். அவை தழைச்சத்தையும் பிடித்து வைத்துக்கொண்டு அடுத்த பயிரை வெளிற வைக்கும். நமக்கு வேண்டியது இரண்டுக்கும் நடுவில் உள்ளது: தவிடு, பழச்சக்கை, தக்காளிச் சக்கை, திராட்சைச் சக்கை, வெல்லப்பாகுக் கழிவு, பச்சைப் புல், இளந்தழை. கழிவை ஒரு வாளியில் நனைத்து மூடி வெயிலில் வைத்தால் இரண்டு மூன்று நாளில் புளித்து நாற வேண்டும். நாறாத கழிவு மண்ணிலும் புளிக்காது.

எவ்வளவு போடுவது? ஜப்பானில் தவிடு கலந்து, நீர் நிரப்பி, பாலித்தீன் மூடும் முறையில் சதுர மீட்டருக்கு ஒன்று முதல் இரண்டு கிலோ தவிடு என்பது நடைமுறை. கிட்டத்தட்ட அதே காலத்தில் நெதர்லாந்திலும் புல், பிராக்கோலித் தழை ஆகியவற்றைக் கலந்து மூடும் முறை தனியாக உருவானது. அந்த ஆய்வு 2000-இல் வெளிவந்தது. கலிபோர்னியாவின் ஸ்ட்ராபெர்ரி வயல்களில் ஹெக்டேருக்கு 20 டன் தவிடு, அதாவது சதுர மீட்டருக்கு இரண்டு கிலோ. தக்காளிச் சக்கை போன்ற ஈரக் கழிவுக்குக் கணக்கு கொஞ்சம் பெரிதாகும். ஒரு சதுர மீட்டர் நிலத்தில் 15 செ.மீ. ஆழம் வரை சுமார் 200 கிலோ மண் இருக்கிறது. அதில் இரண்டு சதவீதம் என்றால் காய்ந்த நிலையில் நான்கு கிலோ கழிவு. புதுச் சக்கையில் முக்கால் பங்கு தண்ணீர், அப்படியானால் கைக்கு வருவது 16 கிலோ. ஒரு ஏக்கர் முழுக்க என்றால் 64 டன்னுக்கு மேல் போகும்! சாறு ஆலைக்குப் பக்கத்து நிலமாக இருந்தால் ஒழிய இது கட்டுப்படியாகாது. நான் சொல்வது, நிலம் முழுக்கப் போடாதீர்கள். நடவு செய்யும் பாத்திகளுக்கு மட்டும் போட்டு, பாத்தியை மட்டும் மூடினால் கழிவும் பாலித்தீனும் பாதியாகும். நாற்றங்காலுக்கும் பசுமைக்குடிலுக்கும் இந்த முறை மிகப் பொருத்தம், பரப்பு சிறிது, மண்ணின் மதிப்பு பெரிது. வானம் பார்த்த பெரிய வயலுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஆழத்தில் இருக்கும் நூற்புழுதான் முக்கியப் பிரச்சினை என்றால் தவிட்டை விட நீரில் கரைவது நல்லது. தவிடு, உழுத ஆழத்தைத் தாண்டிப் போகாது. நீர்த்த வெல்லப்பாகை சொட்டுநீர்க் குழாய் வழியாக விட்டால் தண்ணீர் போகும் ஆழம் வரை சர்க்கரையும் போகும். ஜப்பானில் இதே காரணத்துக்காக ஒரு சதவீத அளவுக்கு நீர்த்த எத்தனாலைக்கூடப் பயன்படுத்திப் பார்த்து, நடைமுறைக்கும் கொண்டுவந்திருக்கிறார்கள்.

செய்முறை. பழைய செடிகளின் வேரை முடிந்தவரை பிடுங்கி வெளியேற்றுங்கள். முடிச்சு விழுந்த வேருக்குள் இருக்கும் நூற்புழு முட்டைக்கு அந்த வேரே கவசம். கழிவைச் சீராகத் தூவி, ரொட்டவேட்டர் ஓட்டி, 15 முதல் 20 செ.மீ. ஆழம் வரை கலக்க வேண்டும். கட்டி இருக்கக் கூடாது. கட்டியின் நடுவே ஈரமும் போகாது, அமிலமும் போகாது, கட்டிக்கும் தாளுக்கும் நடுவே காற்று தங்கி வெப்பத்தைத் தடுக்கும். கழிவு கலந்ததும் அன்றே பாத்தியைச் சமப்படுத்தி, சொட்டுநீர்க் குழாயைப் பதித்து, மேலே தாள் போட்டு, ஓரங்களை மண்ணுக்குள் புதைத்துவிடுங்கள்.

ஓரம் புதைப்பதில் அலட்சியம் கூடாது. பாத்தியைச் சுற்றி ஒரு சாண் ஆழத்துக்குக் குழி பறித்து, தாளின் விளிம்பை அதற்குள் மடித்து விட்டு, மண் போட்டுக் காலால் மிதிக்க வேண்டும். கல்லை வைத்து அழுத்துவது போதாது. காற்று ஒரு ஓரத்தில் புகுந்து படபடவென்று அடித்தால் இரண்டு நாளில் கிழிந்துவிடும். அது தவிர, ஓரம் எப்போதும் நடுவை விடச் சூடு குறைவு. தாளின் விளிம்பிலிருந்து ஓரடி வரை பலன் பாதிதான். அந்தப் பட்டையில் பிழைத்த களையும் பூஞ்சையும்தான் முதலில் உள்ளே வரும். பாத்தி குறுகலாக இருந்தால் இந்த இழப்பு விகிதம் கூடும், அதனால் ஒரு மீட்டருக்குக் குறையாத அகலம் வைத்துக்கொள்ளுங்கள்.

தாள் கறுப்பா, வெள்ளையா என்று நிறையப் பேர் கேட்பார்கள். வெயில் கொளுத்தும் இடத்தில் ஒளி ஊடுருவும் தாள்தான். வெயில் நேராக மண்ணில் பட்டு மண் சூடாகும். கறுப்புத் தாள் தானே வெப்பத்தை வாங்கித் தானே காற்றில் விட்டுவிடும், மண்ணுக்குக் குறைவாகவே கடத்தும். மேகமும் குளிருமான இடத்தில், தாளுக்கு அடியில் களை முளைத்துத் தாளைத் தூக்கும் நிலையில் மட்டும் கறுப்பு பரவாயில்லை. தடிமன் 25 மைக்ரான் போதும். மெல்லிய தாள் அதிகச் சூடு கொடுக்கும், காற்று பலமாக இருந்தால் 50 மைக்ரான். புற ஊதா தாங்கும் தாளாக இருக்கட்டும், இல்லாவிட்டால் மூன்றாம் வாரம் கையால் தொட்டாலே பொடியாக உதிரும், அந்தப் பொடி உங்கள் மண்ணிலேயே தங்கிவிடும்.

மூடிய பிறகு தண்ணீர் விடுங்கள். கழிவு கலந்த மேல் மண் மட்டுமல்ல, ஓரடிக்குக் கீழேயும் ஈரம் இறங்க வேண்டும். ஒரு கைப்பிடி மண்ணை எடுத்து அழுத்தினால் விரலிடுக்கில் நீர் கசிய வேண்டும். ஈர மண் வெப்பத்தை நன்றாகக் கடத்தும், களை விதையும் பூஞ்சை வித்தும் நனைந்தால் உறக்கத்திலிருந்து விழித்துக்கொள்ளும், விழித்த வித்து சூட்டில் எளிதில் சாகும். மணல் மண்ணாக இருந்தால் தண்ணீர் இறங்கி ஓடி, காற்று திரும்ப உள்ளே வந்துவிடும். அங்கே வாரம் ஒருமுறை குழாய் வழியாக மறுபடி நனைக்க வேண்டும்.

வேலை நடக்கிறதா என்று தாளைத் திறக்காமலே பார்க்கலாம். காலையில் தாளின் அடிப்புறம் முழுக்க நீர்த்துளி கோர்த்திருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது என்று பொருள். ஒரு பகுதி மட்டும் துளியில்லாமல் பளிச்சென்று தெரிந்தால் அங்கே மண் காய்ந்துவிட்டது அல்லது எங்கோ ஓட்டை. ஓட்டைக்குப் பக்கத்தில் மூக்கை வைத்தால் சொல்லாமலே தெரியும், பியூட்டிரிக் அமிலத்தின் நாற்றம் கெட்டுப்போன வெண்ணெய் போலக் குடலைப் புரட்டும். ஓட்டையை அன்றே நல்ல டேப் போட்டு ஒட்டுங்கள். 15 செ.மீ. ஆழத்தில் ஒரு வெப்பமானி செருகி வைத்து, பிற்பகல் மூன்று நான்கு மணிக்குப் படித்துக் குறித்துவையுங்கள். அந்த ஆழத்தில் உச்ச வெப்பம் நண்பகலுக்குப் பிறகுதான் வரும், பன்னிரண்டு மணிக்குப் பார்த்துவிட்டுச் சூடு வரவில்லை என்று முடிவு கட்ட வேண்டாம்.

மண் வெப்பநிலை 40-ஐ ஒட்டி இருந்தால் கழிவோடு இரண்டு முதல் மூன்று வாரம் போதும். 30-ஐ ஒட்டித்தான் இருக்கிறது என்றால் நான்கு வாரமாவது விடுங்கள். இங்கே ஒரு எச்சரிக்கையும் உண்டு. மண் குளிர்ந்திருக்கும்போது தவிட்டைப் போட்டு மூடினால் சில ஃபியூசேரியம் பூஞ்சைகள் அந்தத் தவிட்டைத் தின்று பெருகவும் கூடும். கலிபோர்னியாவின் கடலோர ஸ்ட்ராபெர்ரி வயல்களில் இதைப் பார்த்திருக்கிறார்கள். ஆக, கழிவு இருந்தால் வெயில் தேவையில்லை என்று நினைத்து மழைக்காலத்தில் இறங்க வேண்டாம்.

எது சாகும், எது சாகாது? வெர்டிசீலியம், ரைசோக்டோனியா, பித்தியம், ஃபைட்டோப்தோரா ஆகிய மண் நோய்க்கிருமிகள், ஒருபருவக் களைகளின் விதைகள், மேல் மண்ணின் நூற்புழு, இவற்றில் நல்ல பலன் எதிர்பார்க்கலாம். மேக்ரோஃபோமினா என்ற கரிக்கோல் அழுகல் பூஞ்சை சூடு விரும்பி, அது வெறும் வெயிலுக்கு மசியாது. கழிவு சேர்ந்து சூடும் நன்றாக இருந்தால் குறையும், அவ்வளவுதான். பாக்டீரியா வாடல் நோயில் முடிவுகள் ஏறுமாறாக இருக்கின்றன, அந்த நோய்க்காக மட்டும் இந்த முறையில் பணம் போடாதீர்கள். கோரைக்கிழங்கு கதை தனி. ஆழத்துக் கிழங்கு தப்பிவிடும், அதன் முனை ஊசி மாதிரி தாளையே குத்திக்கொண்டு மேலே வரும். கோரை மண்டிய நிலத்தில் முதலில் கோரையைத் தீர்த்துவிட்டு இதற்கு வாருங்கள்.

எல்லாவற்றையும் கொன்றுவிட்டால் மண் செத்துவிடாதா என்ற பயம் நியாயமானதே. ஆனால் இது மண்ணை மலடாக்கும் முறை அல்ல. பேசில்லஸ் போன்ற பாக்டீரியாக்கள் உறைவித்தாக மாறிச் சூட்டைத் தாங்கிக்கொள்ளும், பிறகு முதல் ஆளாகப் பரவும். சாகாமல் அரைகுறையாக வெந்த பூஞ்சை வித்துகளின் தோல் பலவீனமாகிச் சத்து கசியும், அவற்றை இந்த நுண்ணுயிர்களும் டிரைக்கோடெர்மா என்ற நன்மை செய்யும் பூஞ்சையும் சூழ்ந்து தின்னும். வெப்பமானியில் காணும் சூட்டை விட அதிகப் பலன் சில நிலங்களில் தெரிவதற்கு இதுவும் காரணம். மண்ணில் ஏற்கனவே நல்ல நுண்ணுயிர்கள் இருந்த நிலத்துக்கு இந்த லாபம் அதிகம்.

தாளை எடுத்த பிறகுதான் பலர் கெடுத்துக்கொள்கிறார்கள். மண்ணில் மிச்சமிருக்கும் அமிலமும் அம்மோனியாவும் நூற்புழுவுக்கு மட்டும் நஞ்சு அல்ல, நாற்றின் வேருக்கும் நஞ்சு. எடுத்ததும் மண் சாம்பல் கலந்த கறுப்பாக, நாற்றத்தோடு இருக்கும். காற்றுப் பட்டால் ஓரிரு நாளில் நிறம் மாறும், நாற்றம் குறையும். ஒன்று முதல் இரண்டு வாரம் காற்றாட விடுங்கள். மேலோட்டமாகக் கொத்திவிடலாம், ஆழ உழக் கூடாது. ஆழ உழுதால் சுத்தமாகாத அடிமண்ணை மேலே கொண்டுவந்து, செய்த வேலையை நீங்களே கலைத்ததாகும். நடுவதற்கு முன் ஒரு சின்னச் சோதனை: பாத்தியில் நான்கைந்து இடத்தில் 10 செ.மீ. ஆழத்திலிருந்து மண் எடுத்து, வாயகன்ற கண்ணாடி ஜாடியில் பாதி நிரப்பி, ஈரத் துணியில் முள்ளங்கி விதையைப் பரப்பி மண்ணுக்கு மேல் வைத்து மூடி போட்டுவிடுங்கள். மூடாத நிலத்து மண்ணை எடுத்து இன்னொரு ஜாடியில் அதேபோல வையுங்கள். மூன்று நான்கு நாளில் இரண்டிலும் ஒரே அளவு முளைத்து, வேர் வெள்ளையாக நீண்டால் நடலாம். சோதனை ஜாடியில் வேர் நுனி பழுத்திருந்தால் இன்னும் ஒரு வாரம் பொறுங்கள்.

உரத்தையும் குறைக்க வேண்டும். கழிவிலிருந்தும் செத்த நுண்ணுயிர்களிலிருந்தும் தழைச்சத்து ஏராளமாக வெளிவரும். அதை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியாக்கள் சூட்டில் அடிவாங்கியிருப்பதால் முதல் சில வாரம் அது அம்மோனியமாகவே நிற்கும். இதோடு வழக்கமான அடியுரத்தையும் போட்டால் செடி இலை விட்டுக்கொண்டே போகும், காய் பிடிக்காது. கோழி எரு போட்டவர்கள் உப்பின் அளவையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பச்சை எருவில் மனிதருக்கு நோய் தரும் கிருமிகளும் இருக்கக்கூடும். மண்ணைத் தொட்டபடி காய்த்து, பச்சையாகத் தின்னும் பயிர் என்றால், எரு போட்ட நாளுக்கும் அறுவடைக்கும் இடையே 120 நாள் விட வேண்டும் என்பது அமெரிக்க இயற்கை வேளாண் விதி. நல்ல அளவுகோல், பின்பற்றலாம். களைக்கொல்லி அடித்த நிலத்துப் புல்லையும் வைக்கோலையும் கழிவு என்று கொண்டுவராதீர்கள், சில மருந்துகள் எருவுக்குள்ளும் சாகாமல் இருந்து தக்காளியைச் சுருட்டிவிடும்.

குறையையும் சொல்லிவிடுகிறேன். காற்றில்லாத மண்ணிலிருந்து நைட்ரஸ் ஆக்சைடு வெளிவரும், அது வலுவான பசுமைக்குடில் வாயு. பழைய பாலித்தீனை எங்கே போடுவது என்பது தீராத தலைவலி. தானே மக்கும் தாள்கள் இந்தச் சூட்டிலும் ஈரத்திலும் மூன்று வாரம் தாக்குப்பிடிப்பது கஷ்டம். கிழியாமல் எடுத்து, மண் உதறி, நிழலில் சுருட்டி வைத்தால் நல்ல தாள் இரண்டாம் பருவத்துக்கும் வரும்.

கடைசியாக, முதல் முறை செய்யும்போது ஒரு பாத்தியை மூடாமல் விடுங்கள். இன்னொரு பாத்தியைக் கழிவு இல்லாமல் வெறும் பாலித்தீன் மட்டும் போட்டு மூடுங்கள். மூன்றிலும் ஒரே நாளில், ஒரே நாற்றை நடுங்கள். ஆறாவது வாரம் ஒவ்வொன்றிலும் ஐந்து செடியை மண்ணோடு தோண்டி எடுத்து, வேரைத் தண்ணீரில் அலசி, முடிச்சுகளை எண்ணுங்கள். அறுவடை முடிந்ததும் மறுபடி ஒருமுறை எண்ணுங்கள். ஆறாவது வாரத்தில் வித்தியாசம் தெரிந்து அறுவடையில் மறைந்துவிட்டால், புழு ஆழத்திலிருந்து ஏறி வந்திருக்கிறது. அடுத்த முறை தவிட்டுக்குப் பதிலாகக் குழாய் வழியே வெல்லப்பாகு விட வேண்டும். வெறும் பாலித்தீன் பாத்தியும் கழிவுப் பாத்தியும் சமமாக இருந்தால், உங்கள் வெயிலே போதும், கழிவுக்கு வண்டி வாடகை கொடுக்கத் தேவையில்லை.